தாடைகளின் நடுவர்

இடது உள்ளங்கையில் ஒரு தாடை, வலது உள்ளங்கையில் ஒரு தாடை. இரண்டும் பிளாஸ்டர். எங்கள் தெருப் பல்செட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டின் ஓரத்தையும் கட்டைவிரலால் தடவுகிறார். "சின்னவன் குனிஞ்சே உள்ள வர்றான்," என்கிறார் மெதுவாக. "பெரியவர் காலத்துல குனியுறவனுக்குக் கோழைன்னு பேரு. அதனால எங்க அடிக்கிறதுன்னு பெரியவருக்குப் புரியல." சின்னவனின் தாத்தா பிறப்பதற்கு முன்பே செத்துப்போன குத்துச்சண்டைக்காரர் அந்தப் பெரியவர்.

தொழில் பல்செட்டு செய்வது. பல் டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அச்சு வார்த்து, மெழுகு கட்டி, பல் பதித்து, உரசி மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். செட்டு உடைந்தால் மறுபடி வேண்டியிருக்கும் என்று அச்சுகளைத் தூக்கிப் போடுவதில்லை. ஆகவே பட்டறையின் மூன்று சுவர்களிலும் கூரை வரைக்கும் பொக்கைத் தாடைகள். முதல் தடவை உள்ளே போகிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அத்தனை வாய்கள் இருக்கும் இடத்தில் நாம் எதற்குப் பேச வேண்டும் என்று தோன்றிவிடும்போல.

ஹெவிவெயிட் குத்துச்சண்டை என்றால் இவருக்கு உயிர். எடை குறைந்தவர்கள் போடுவதெல்லாம் பூனைச் சண்டை. ஒரே காலத்துச் சாம்பியன்கள் மோதுவதும் அவ்வளவு ருசிக்காது. கையுறை இல்லாமல் மோதிய காலத்து ஆளையும் கலர் டிவி காலத்து ஆளையும் ஒரே வளையத்துக்குள் இறக்க வேண்டும். தெருவே இவரை 'ரெஃப்ரி' என்றுதான் கூப்பிடும்.

ஒவ்வொரு தாடைக்கும் ஒரு சாம்பியனை ஒதுக்கியிருக்கிறார். ரிடையரான தலைமையாசிரியை அம்மாளின் தாடைதான் வெறுங்கைக் காலத்துச் 'சுரங்கக்காரன்'. தபால்காரருடையது 'ஊமை இடி'. என்னுடையது தோல்வியே காணாத 'கல்தூண்'. கேட்டு எனக்குக் கொஞ்சம் தலை நிமிர்ந்தது உண்மை. என் மனைவிதான், "ஒரு கொசுவக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியாது, கல்தூணாம்," என்று இறக்கிவைத்தாள்.

மத்தியானம் உரசுகிற மெஷினை நிறுத்தினால் சண்டை ஆரம்பம். சாப்பிட்ட கையோடு நாங்கள் நாலைந்து பேர் போய் உட்காருவோம். முடிவு தன் கையில் இல்லை என்பதில் மனிதர் பிடிவாதமானவர். "நான் இட்டுக்கட்டுறதில்ல சார். குத்து யார்கிட்ட வேணா இருக்கும். வாங்கிட்டு நிக்கிறதுக்குத் தாடை வேணும். கையில எடுத்தா அதுவே சொல்லும்." ஒரு குத்து விழுந்தது என்று அவர் சொன்ன கணத்தில் கட்டைவிரலில் வெள்ளைப் பொடி ஒட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டர் என்றால் உதிரத்தான் செய்யும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முன்பெல்லாம் நாக்-அவுட்டும் உண்டு. தோற்ற தாடையை மேஜையில் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் பத்து வரை எண்ணுவார். ஒருநாள் பஸ் டிரைவரின் தாடை அப்படிக் கவிழ்ந்தது. அன்று சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டு வாசலில் கால் வைத்த டிரைவர், தடுக்க ஒரு கல்கூட இல்லாத இடத்தில் குப்புற விழுந்தார். முகவாயில் தையல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்லி நாங்கள் சிரித்தோம். ரெஃப்ரி சிரிக்கவில்லை. டிரைவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், "அடி எந்தப் பக்கம் விழுந்துச்சோ அதே பக்கம்தான் சார்," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாச் சண்டையும் டிரா. யாராவது ஆட்டம் கண்டுவிட்டால் உடனே மணியடித்து விடுவார். எங்களுக்கு அலுத்துப்போயிற்று. அவர் வீட்டம்மா தண்ணீர்ச் செம்போடு வந்து எட்டிப் பார்த்து, "தினம் சண்டை, ஆனா எவனும் ஜெயிக்க மாட்டான். எனக்கும் எங்க நாத்தனாருக்கும் நடக்குமே, அந்த மாதிரி," என்பார்.

கதவுக்கு மேலே தனியாக ஒரு தாடை உண்டு. அதற்கு மட்டும் சாம்பியன் பெயர் கிடையாது. அது அவருடைய சொந்த அண்ணன். அந்த மனிதர் நிஜமாகவே வளையத்தில் ஏறியவர்; ஊர் அளவில் பெரிய கை. ஒரு சண்டையில் முன்பற்கள் போய்விட்டன. அப்போது வளையத்துக்குள் ஓடி, ரத்தத்துக்கு நடுவே மண்டியிட்டு, அண்ணனின் பற்களைப் பொறுக்கியவர் தம்பி. பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தார். முதலில் செய்த செட்டும் அண்ணனுக்குத்தான். சாம்பியன்களோடு அண்ணனை ஏன் மோதவிடுவதில்லை என்று கேட்டேன். "எங்கண்ணன் இங்க யார்கிட்டயும் தோத்ததில்ல சார். நான் இறக்கினாத்தானே?"

போன வாரம் அந்த அண்ணனுக்குத் தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. பழைய அடிகளின் பாக்கி என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் அண்ணி இருந்தார். வராந்தாவில் நடந்து நடந்தே தம்பி மயங்கி விழப் பார்த்ததால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் நான் பட்டறைக்குள் போனபோது அவரும் மெஷினும் சும்மா இருந்தார்கள். வீட்டம்மா கையில் போனை வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். அண்ணனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை என்று அண்ணி அழுதாராம்.

ரெஃப்ரி ஸ்டூலைப் போட்டு ஏறி அண்ணனின் தாடையை இறக்கினார். தூசியை வேட்டியில் துடைத்தார்.

"வேணாங்க," என்றார் வீட்டம்மா. "டிராவா முடிச்சிருங்க."

"டிரான்னா அவரு அப்படியே கெடப்பாரு," என்றார். "அண்ணன் ஜெயிக்கணும்னா இன்னைக்கு யாராச்சும் விழணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய இடது கை அலமாரியை நோக்கி நீண்டது. சுரங்கக்காரன் மீது போய் நின்றது. தலைமையாசிரியை அம்மாள் அந்த நேரத்தில் பேரப்பிள்ளைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கை நகர்ந்தது. ஊமை இடி. தபால்காரர் எங்கோ வெயிலில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பார். கை அதையும் தாண்டியது. பிறகு கல்தூணிடம் வந்து நின்றுவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அலமாரியில் என் வாய் திறந்தபடி இருந்தது. என் முகத்திலிருந்த வாயோ உலர்ந்து ஒட்டிக்கொண்டது. படித்தவன், பகுத்தறிவுக்காரன், எழுதுகிறவன் எல்லாம்தான். உயிர்ப் பயம் வந்தால் பட்டம் துணைக்கு வருமா? ஒரு கையால் என் முகவாயைப் பொத்திக்கொண்டேன்.

"உங்கள எப்படி சார்," என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார்.

மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பற்கள் எல்லாம் சொந்தப் பற்கள். அந்தச் சுவர்களில் அவருடைய அச்சு கிடையாது. அண்ணனின் தாடையை வலது கையில் எடுத்துக்கொண்டார். இடது கை வெறுமையாக மடியில் கிடந்தது. கண்ணை மூடினார். வெளியே தெருச் சத்தம் இருந்திருக்க வேண்டும், எனக்குக் கேட்கவில்லை.

"அண்ணன் வர்றாரு," என்றார்.

வீட்டம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் அசையவில்லை. கட்டைவிரல் அண்ணனின் தாடையோரம் ஒருமுறை போய் வந்தது. பிறகு, எந்தக் காலத்துச் சாம்பியனும் வளையத்துக்குள் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். இரண்டு தோள்களையும் தளர்த்தி, தன் முகவாயை மெல்ல உயர்த்தி, அடிக்கிறவருக்கு வாகாக முன்னே நீட்டிக் கொடுத்தார்.