கடுகு மடித்த இணையப் பக்கம்

என் எம்.ஃபில் ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் முப்பத்தொன்றாவது பதிவு மட்டும் புத்தகம் இல்லை. அது இணையத்தில் பார்த்த ஒரு பக்கம். தொண்ணூறுகளின் கடைசியில் அருப்புக்கோட்டைக்கு இணையம் வந்திருக்கவில்லை. மதுரைக்குப் பஸ் ஏறி, பிரவுசிங் சென்டர் ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, திரையில் ஒவ்வொரு வரியாக இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் கிடைக்கும். கிடைத்ததை அங்கேயே அச்செடுத்தேன். ஒன்பது தாள்.

திருச்சுழி, பரளச்சிப் பக்கத்து மானாவாரிப் பருத்தி பற்றியது என் ஆய்வு. மழை தள்ளிப்போனால் எங்கள் கரிசலில் யார் பருத்தியை விட்டு வேறு பயிருக்குப் போகிறார்கள், யார் போவதில்லை என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியிருந்தேன். இதே மாதிரி மண்ணும் இதே மாதிரி வானமும் உள்ள வேறொரு நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று அந்த ஒன்பது தாளில் இருந்தது. என் நான்காம் இயல் முழுக்க அதன்மேல்தான் நின்றது.

பட்டியலில் அதை எப்படி எழுதுவது என்பதுதான் சிக்கல். ஆசிரியர், தலைப்பு, வெளியான இடம், வெளியிட்டவர், ஆண்டு, பக்கம் என்ற வரிசை என் நெறியாளருக்கு வேதவாக்கு. ஆசிரியர் பெயர் இல்லாததால் அந்தப் பக்கத்தை வெளியிட்டிருந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டேன். பக்க எண்ணுக்கு அச்செடுத்த தாளின் எண்ணைப் போட்டேன். வெளியான இடம்?

"எடம் இல்லாத பட்டியல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேம்மா" என்றார் அவர்.

இரண்டு நாள் யோசித்து 'மதுரை' என்று எழுதினேன். டெலிபோன் கம்பி வழியாக அந்தப் பக்கம் மதுரையில்தானே வந்து இறங்கியது! அவரும் தலையாட்டினார். இணையத்தை அவர் பேப்பரில் படித்ததோடு சரி. பார்த்த நாளை எழுதவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அச்சான புத்தகம் அச்சானபடியே இருக்கும், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆய்வேட்டைக் கொடுத்து மூன்று மாதம் கழித்து, வெளியூர்த் தேர்வாளரின் அறிக்கை வந்தது. முப்பத்தொன்றாம் பதிவில் உள்ள முகவரியில் அப்படி ஒரு பக்கமே இல்லை; மாணவி தான் பார்த்ததை வாய்மொழித் தேர்வில் காட்டவேண்டும், இல்லையென்றால் நான்காம் இயலை நீக்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த இயலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கூடு. பட்டமும் அதோடு போகும்.

"நீயே பாத்தியாம்மா? இல்ல, யாரும் சொன்னதக் கேட்டு எழுதிட்டியா?" என்றார் நெறியாளர்.

எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் முன்னால் அதைக் காட்டாமல் நேரே பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தேர்வாளர் சொன்னது உண்மை. முகவரியை நான்கு தடவை அடித்தும், பக்கம் இல்லை என்ற ஒற்றை வரிதான் வந்தது. போகட்டும், தாள்கள் இருக்கின்றனவே என்று தைரியமாக வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் வீடு பாளையம்பட்டியில். முன்பக்கம் அப்பாவின் மளிகைக்கடை, பின்பக்கம் குடும்பம். அறையில் பழைய தாள்கட்டு இருந்த இடம் காலியாகக் கிடந்தது. கடைக்கு ஓடினேன். ஒருபக்கம் மட்டும் அச்சான நல்ல வெள்ளைத் தாள் என்பதால், குறுக்கே பாதியாகக் கிழித்துக் கடுகும் சீரகமும் மடித்துக் கொடுத்துத் தீர்த்திருந்தார் அப்பா.

"கடுகு மடிக்க என் எம்.ஃபில்தான் கெடைச்சுதா?" என்று கடையில் நின்றவர்கள் முன்னால் கத்தினேன்.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "பழசெல்லாம் எடுத்துக்கங்கன்னு நீதானம்மா சொன்ன. வச்சுக்கிற தாளுன்னா மூலையில மஞ்சத் தடவி வைப்போம்ல. மஞ்சத் தடவுன தாள இந்தக் கடையில யாராச்சும் கிழிச்சிருக்கமா?"

நான்தான் சொல்லியிருந்தேன். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்த அன்று, பழைய படிகளையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிக் கடைப்பக்கம் தள்ளியதும் நான்தான்; அந்த ஒன்பது தாளும் அதற்குள் போனது எனக்கு மறந்தேபோயிருந்தது. நெறியாளரும் தேர்வாளரும் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நெசமாவே பாத்தியாம்மா அத?" என்றார்.

நெறியாளர் கேட்டதைவிட இது வலித்தது. பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். அப்புறம் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

அந்த மூன்று நாளும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சரக்கு எடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் திரும்பி வந்து, என் முன்னால் ஒரு பாதித் தாளை வைத்தார்.

மடிப்பில் இரண்டு கடுகு ஒட்டியிருந்தது. நான் மேற்கோள் காட்டிய வரி முழுசாக இருந்தது. அடியில் பொடி எழுத்தில் இணைய முகவரி, அதன் வலப்பக்கம் நான் அச்செடுத்த தேதி. கம்ப்யூட்டர் தானாகவே போட்ட தேதி. ஒன்பது தாளில் இந்தப் பாதிதான் மிஞ்சியது. அழுதுவிட்டேன்.

தாளின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு வளைகுடா நாட்டு முகவரி இருந்தது. பின்தெருவில் ஓர் அக்கா, கணவர் வெளிநாட்டில். தாள் வழவழப்பாக இருந்ததால் எடுத்துவைத்து, கணவரின் புது முகவரியை அதில் எழுதியிருந்தார். "பத்தரமாத் திருப்பிக் குடுத்துரணும்னு சொல்லி விட்டுருக்காக" என்றார் அப்பா.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இது யார் அட்ரஸ்?"

"அந்தத் தாள்ல கடுகு வாங்குனவங்க வீட்டுக்காரர் அட்ரஸ் சார்."

அவர் சிரித்தார். நெறியாளர் சிரிக்கவில்லை.

"எப்பப் பாத்தீங்கன்னு எழுதியிருந்தா இவ்வளவு அலைச்சல் இல்ல. சரி, இதுல மதுரை எதுக்கு?"

"அங்கதான் சார் பாத்தேன்."

'மதுரை'யைத் தன் பேனாவாலேயே அடித்தார். எல்லாப் படிகளிலும் முப்பத்தொன்றாம் பதிவுக்குப் பக்கத்தில் பார்த்த நாளை என் கையால் எழுதச் சொன்னார். நான்காம் இயல் தப்பியது.

மறுநாள் கொஞ்சம் கருப்பட்டி மிட்டாயோடு அக்காவிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். முகவரி அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

"இத்தன வருசத்துல ஒங்க அப்பா யார் வாசல்லயும் வந்து நின்னு நான் பாத்ததில்லம்மா. மூணு நாளா வெயில்ல வீடு வீடாப் போயி, கடுகு டப்பாவத் தொறந்து பாருங்கன்னு கெஞ்சிருக்காக. 'எம் பொண்ணு பாக்காததப் பாத்தேன்னு எழுத மாட்டா, அதக் காட்ட ஒரு தாளு வேணும்'னாக."

அப்பா கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேரே கடைக்குப் போனேன். யாருக்கோ சீரகம் மடித்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே பாத்தேன்ப்பா."

"எதம்மா?" என்று கேட்டுக்கொண்டே பொட்டலத்தில் நூலைச் சுற்றினார்.