மஞ்சள் விளக்கும் கறுப்பு டேப்பும்

மூடிய கார் பானெட்டை மறுபடியும் திறந்தாகிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தபடி மெக்கானிக் தன் சட்டைப் பட்டனைத் தடவுகிறார். பட்டனில் ஒரு நூல். நூலின் மறுமுனையில் கரி அப்பிய துணி தொங்குகிறது. "வெளியதான் இருக்கு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு பானெட்டை இறக்குகிறார். நாலடி நடப்பதற்குள் கை மறுபடி பட்டனுக்குப் போய்விடுகிறது.

எஞ்சினில் எதையாவது கழற்றினால், திறந்த வாய்க்குள் கரித்தூள் விழாமலிருக்கத் துணியைத் திணிப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். திணித்ததை மறந்து அப்படியே மூடிவிடுவதும் அவ்வப்போது நடக்கிற கூத்துதான். இவர் மறக்கிற ஆள் இல்லை. ஆனாலும் துணியில் நூல் கட்டி, மறுமுனையைச் சட்டைப் பட்டனில் முடிந்துகொள்வார். மத்தியானம் சாப்பிடப் போகும்போது அந்தத் துணியும் கூடவே போய்த் தட்டுக்கு மேல் ஊஞ்சலாடும். பட்டறைத் தெருவில் இவருக்கு 'டவுட்டு' என்று பெயர். இளையவர்கள் மரியாதையாக 'டவுட்டு அண்ணன்' என்பார்கள். மனைவி அந்த மரியாதையெல்லாம் பார்ப்பதில்லை. "வீட்டப் பூட்டிட்டு மூணு தடவ இழுத்துப் பாப்பாரு. நாலாவது தடவ பூட்டே கையோட வந்துடுச்சு" என்பார்.

டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் லைட் எரிகிறது என்று ஒரு வண்டி வந்தால் மற்றவர்கள் உடனே பழுதைச் சொல்லும் ஸ்கேனரை மாட்டுவார்கள். டவுட்டு முதலில் எஞ்சினை ஓடவிட்டு ஓட்டுநர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். நடுக்கம் காலுக்கு வருகிறதா முதுகுக்கு வருகிறதா என்று பார்க்கிறாராம். பிறகு பின்னால் போய்ப் புகைக்குழாயின் வாயைத் துணியால் துடைத்து, ஒட்டிய கரியை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் ஸ்கேனர். அது சொல்வதையும் முழுசாக நம்பமாட்டார். "அது தெருவத்தான் காட்டும். வீட்ட நாமதான் தேடணும்."

ஒரு காரியம் மட்டும் அவர் செய்யவே மாட்டார். பழுதை நீக்கியபின் ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும். அழுத்தமாட்டார். வண்டி சில தடவை ஓடி, சூடாகி, ஆறி, தன்னைத் தானே சோதித்துக்கொண்டு அதுவாக அணைக்க வேண்டும். "நான் அழிச்சா வண்டி மறந்துடும். வியாதி மறக்காது." விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசாமல் டேப்பை உரித்து அவர்கள் கையிலேயே ஒட்டி அனுப்புவார்.

இப்போது பட்டறையில் நிற்பது அவர் மகளின் கார். மகளுக்கு இது நிறைமாதம். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருக்கிறது, வழியெல்லாம் சிக்னல். இந்தக் காரோ சிக்னலில் நின்றால் குலுங்கி அணைந்துவிடுகிறது. கூடவே மஞ்சள் விளக்கு.

இ.ஜி.ஆர் வால்வில்தான் கோளாறு. வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புகிற சின்னக் கதவு அது. வண்டி ஓடும்போது திறக்கலாம், நிற்கும்போது மூடியிருக்க வேண்டும். மிளகளவு கரித்துணுக்கு ஒன்று இடுக்கில் சிக்கி அதை மூடவிடாமல் பிடித்திருந்தது. நிற்கிற நேரத்திலும் புகை உள்ளே போக, எஞ்சினுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இத்தனூண்டு கரி தன் பெண்ணை நடுரோட்டில் நிறுத்தியிருக்குமே என்று நினைத்துக்கொண்டார்.

வால்வைக் கழுவி, குழாயைச் சுரண்டி மாட்டினார். எஞ்சின் சீராக ஓடியது. விளக்கு மட்டும் எரிந்தது. எரியத்தான் செய்யும், இன்னும் சில ஓட்டம் பாக்கி. வாடிக்கையாளர்களுக்கு வாய் வலிக்கச் சொன்ன அதே சமாதானம்தான். சொந்த மகள் என்று வந்தபோது அது அவரிடமே செல்லுபடியாகவில்லை. பழைய பழுதுக்கு எரிகிறதா, புதிதாக ஏதாவது கிளம்பியிருக்கிறதா? இன்னொரு துணுக்கு குழாய் வளைவில் பதுங்கியிருந்தால்? ஸ்கேனர் புதிதாக ஒன்றுமில்லை என்றது. அவர் மறுபடியும் பானெட்டைத் திறந்தார்.

வேலைக்கு வெளியூர் போயிருந்த மருமகன் போனில் கெஞ்சினார். "அழிச்சிடுங்க மாமா. அந்த லைட்டப் பாத்தா அவளுக்கு பயமா இருக்காம்."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மாப்ள. அதுக்காக அழிக்க முடியுமா?"

மறுநாள் பிற்பகல் மனைவி போன் செய்தார். "வலி வந்துடுச்சு. நீங்க வரீங்களா, வேற வண்டி கூப்பிடவா?"

"வேணாம், வேணாம். யாரு வண்டியோ, உள்ள என்ன இருக்கோ. நானே வரேன்."

வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். விளக்கு இன்னும் எரிந்தது. மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கினாள். டவுட்டு அவசரமாகக் கறுப்பு டேப்பில் ஒரு துண்டைப் பல்லால் கடித்தெடுத்து விளக்கின் மேல் ஒட்டினார். திருடனைப் போல இருபுறமும் பார்த்துக்கொண்டார்.

மகள் முன்சீட்டைச் சாய்த்துக்கொண்டாள். அம்மா பின்னால். முதல் சிக்னலில் கார் நின்றது. டவுட்டு காலால் நடுக்கத்தைத் தேடினார். எஞ்சின் அணையவில்லை. இரண்டாவது சிக்னலிலும் அணையவில்லை. நிம்மதி வரவேண்டிய இடத்தில் அவருக்கு நகம்தான் பரபரத்தது. டேப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார், அழுத்தினார், மறுபடி தூக்கினார்.

"என்னப்பா அது?"

"ஒண்ணுமில்லம்மா. வெயில் அடிக்குது, அதான்."

"வெயில் என் முதுகுல அடிக்குது" என்றது பின்சீட்.

மகள் சிரிக்கத் தொடங்கினாள். பாதியிலேயே வலி வந்து பல்லைக் கடித்தாள். வலி விட்டதும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க தைரியமா இருக்கற மாதிரி நடிச்சா எனக்கு உதறுதுப்பா. எப்பவும் போல பயந்துக்கிட்டே ஓட்டுங்க."

கையை நீட்டி டேப்பை உரித்தாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, எஞ்சினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உரித்ததை அப்பாவின் புறங்கையில் ஒட்டினாள். பிறகு அவர் சட்டைப் பட்டனிலிருந்து தொங்கிய நூலைத் தன் விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, கரித்துணியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.