கிடுகு வேலிக்குள் ஒரு வலைப்பந்துத் திடல்

நாங்கள் மல்லாவிக்கு இடம்பெயர்ந்து வந்திருந்த நேரம். சனசமூக நிலையத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, நிலையத்து வளவில் கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள் விளையாட ஒரு இடம் அமைத்துத் தரச் சொன்னார். படவரைஞர் படிப்பைப் பாதியில் விட்டவள் நான். அதுவரை கீறிய ஒரே கட்டடம் மாமா வீட்டுக் கோழிக்கூடு. ஆனாலும் நானும் ஒரு குமர்தானே, அவர்கள் மனம் எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

வலைப்பந்துத் திடல் ஒன்று போட்டு, அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் தென்னோலைக் கிடுகு வேலி அடைப்பித்தேன்.

“காத்து வருமோ பிள்ளை?” என்று தலைவர் கேட்டார்.

“பாதுகாப்புத்தான் முக்கியம் ஐயா” என்றேன், பெரிய பொறியியலாளர் மாதிரி.

முதல் நாள் பந்தோடு நான் மட்டும் நின்றேன். மறுநாளும் அப்படியே. பெடியன்கள்தான் வந்தார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டுக் கிடுகு ஓட்டையால் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே என்னைக் கண்டதும் ஏமாந்து போனார்கள்.

ரோசம் தாங்காமல் பக்கத்துத் தையல் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடமே கேட்டேன். கண்டாவளையிலிருந்து வந்த ஒருத்தி தையலை நிறுத்தாமலே சொன்னாள்: “வேலிக்குள்ளை என்ன நடக்குதெண்டு ஆருக்குத் தெரியும், போகவேண்டாம் எண்டு அம்மா சொல்லிப்போட்டா.”

“உள்ளுக்கை நிண்டால் ஆர் வாறதெண்டு எங்களுக்கும் தெரியாதக்கா” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “வெளியிலை நிண்டு சிரிக்கிற சத்தம் மட்டும்தான் கேக்கும்.”

“அப்ப எப்பிடி வேணும்?”

தையல் சோக்கால் மேசையிலேயே கீறத் தொடங்கினார்கள். ரோட்டுப் பக்கம் திறந்திருக்க வேண்டும். பாலை மரத்தின் கீழே அம்மாமார் குந்தியிருக்க நீள மர வாங்கு வேண்டும். கடைசியாக ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: “கக்கூசு எங்கையக்கா?”

என் படத்தில் பரிசளிப்பு மேடைக்கு இடம் இருந்தது. கக்கூசுக்கு இல்லை.

வேலியைப் பிரித்து, அந்தக் கிடுகாலேயே கக்கூசை அடைத்து, உள்ளே கொண்டியும் போட்டோம். அந்தக் கிழமையே பிள்ளைகள் வந்தார்கள். அம்மாமார் வாங்கில் வரிசையாக இருந்து பெடியன்களைப் பார்த்த பார்வையில் சைக்கிள்கள் நிற்காமல் போயின.

நானும் ஒரு பக்கத்துக்கு விளையாட இறங்கினேன். வந்த பந்தை ஆவேசமாகப் பிடித்து எதிர்ப்பக்கத்தவளின் கையிலேயே கொடுத்தேன். இரண்டாம் முறையும் அப்படி நடந்ததும் கண்டாவளைக்காரி கிட்ட வந்து, “அக்கா, நீங்கள் விசில் ஊதுங்கோவன்” என்றாள், என் மனம் நோகாதபடி.

அன்றிலிருந்து பின்னேரங்களில் நான்தான் நடுவர். விதிகளை அவர்கள் சொல்லச் சொல்ல ஊதினேன்.