கண்களை மட்டும் பார்த்தேன்

அன்று கரவெட்டியில் அந்த வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள்: பொம்பிளை, அவளுடைய தகப்பன், தாய், தாய்மாமன், மாப்பிள்ளை, அவருடைய தாய், கலியாணப் பதிவாளர், கமராவோடு நான். எட்டுப் பேர். திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டேன், வேறு ஒருவரும் இல்லை.

பொம்பிளை வீட்டார் சைவம். மாப்பிள்ளை வீட்டார் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள். பதிவு எழுத்து பொம்பிளை வீட்டில், கலியாணம் அடுத்த மாதம் சேர்ச்சில் என்று ஒழுங்கு. பிள்ளையின் பொட்டில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லித்தான் தகப்பன் சம்மதித்திருந்தார். படத்துக்கு முற்பணம் தந்தது மாப்பிள்ளையின் தாய்.

கையெழுத்து வைக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. இருட்டில் பிளாஷை நேரே அடித்தேன். அரியாலையில் என் கடைக்கு வந்து கணினியில் போட்டால், எல்லோருடைய கண்மணியும் சிவந்து கிடந்தது. பதிவாளருடையதும்கூட.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். மென்பொருளில் இருக்கும் இங்கிலிஷை வாசிப்பதில்லை. பொத்தானில் கீறியிருக்கும் படத்தை வைத்துத்தான் என் வேலை. சிவந்த கண்ணுக்குக் கண் படம் போட்ட பொத்தான். ஒவ்வொரு கண்ணாகத் தொட்டும் திருத்தலாம், எல்லாப் படங்களுக்கும் ஒரேயடியாகவும் கொடுக்கலாம். ஒரேயடியாகக் கொடுத்தேன். பிறகு பயம் வந்துவிட்டது. ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்து ஒவ்வொரு கண்ணையும் பார்த்தேன். கடையைப் பூட்டியவள் மாமனுடைய இடது கண்ணுக்காகத் திரும்பவும் திறந்தேன். எல்லாம் கறுப்பு. பட அல்பத்தை அடித்துப் பொம்பிளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பொம்பிளை போன் எடுத்தாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

"அக்கா, படத்திலை என்ரை பொட்டைக் காணேல்லை. அவரின்ரை அம்மா சொல்லித்தான் நீங்கள் அழிச்சதெண்டு மாமா சொல்லுறார். அப்பா சேர்ச்சுக்கு வரமாட்டாராம்."

கணினியைத் திறந்தேன். அத்தனை கண்ணையும் பார்த்த நான் அந்த நெற்றியைப் பார்க்கவில்லை. சிவப்பாய் வட்டமாய் இருந்ததால் பொட்டையும் கண் என்று எடுத்து, அந்தப் பொத்தான் சாம்பல் பூசி வைத்திருந்தது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் வெறும் நெற்றி.

லப்டொப்பை எடுத்துக்கொண்டு கரவெட்டிக்குப் பஸ் ஏறினேன். பற்றரி இறங்கிவிட்டால்? நம்பாவிட்டால்? என்னால் ஒரு கலியாணம் நின்றுபோனால்? வழியெல்லாம் அதே நினைப்புத்தான்.

தகப்பன் இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே திறந்து, கமராவில் எடுத்த, திருத்தாத படம் ஒன்றைக் காட்டினேன். சிவந்த கண்கள், சிவந்த பொட்டு. பொத்தானை அமத்தினேன். கண்ணும் கறுத்தது, பொட்டும் போனது.

"திரும்ப அமத்து, பிள்ளை," என்றார். அமத்தினேன். இன்னொரு படத்தில் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"உந்த வேலையைச் செய்யேக்கை மாப்பிள்ளையின்ரை தாய் பக்கத்திலை நிண்டவவோ?"

"இல்லை ஐயா. நான் மட்டும்தான். அவவுக்கு இது தெரியவே தெரியாது."

கதவடியில் நின்ற மாமன் விடவில்லை. "மிசின் எண்டாலும் காசு குடுத்த ஆக்களின்ரை பக்கம்தானே."

தகப்பன் திரையில் மாமனுடைய முகத்தைத் தொட்டுக் காட்டினார். "உன்ரை கண்ணையும்தான் கறுப்பாக்கியிருக்கு. அது ஆர் சொல்லி?"

பொம்பிளை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சேர்ச்சுக்குப் போக வான் ஒன்று வாடகைக்குப் பேசும்படி தகப்பன் மாமனிடமே சொன்னார்.

பொட்டை விட்டுவிட்டுக் கண்களை மட்டும் கையால் திருத்தித் தரட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம். கண் சிவந்தபடி கிடக்கட்டும். இனி நீ ஒண்டையும் தொடாதை."

பழைய அல்பத்தைத் திருப்பி வாங்கி, அப்படியே புது அல்பம் அடித்தேன், என் செலவில். அதில் எட்டுப் பேரும், நான் நீங்கலாக, பேய் பிடித்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். கலியாணத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். வெயிலில் வைத்தே எடுத்தேன். பிளாஷைப் பையில் இருந்து வெளியே எடுக்கவில்லை. தகப்பன் சேர்ச்சில் முன்வரிசையில் இருந்தார்.

மிச்சக் காசைத்தான் இன்னும் கேட்க முடியவில்லை. மாப்பிள்ளையின் தாயிடம் கேட்டால், பழைய அல்பம் ஏன் திரும்பி வந்தது என்று சொல்லவேண்டி வரும். தகப்பனிடம் கேட்டால், படத்துக்குக் காசு எந்தப் பக்கம் என்று மாமன் தொடங்குவார். போனை எடுப்பேன், வைப்பேன். வரவேண்டியது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.