ஒரு வாளிக்கு ஒரு மருந்து

போத்தலின் மூடியைத் திறந்ததும் இராமலெட்சுமி அதை மூக்கருகே கொண்டுபோவதில்லை. கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, மறு கையால் காற்றை விசிறி, மணத்தைக் கொஞ்சமாகத் தன் பக்கம் வரவழைக்கிறார். "கிளோரினு" என்று தனக்குத்தானே சொல்லிப் போத்தலை யன்னல் ஓரமாக வைக்கிறார். பிறகு வாளியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று தெரிந்த பிறகும் ஒருமுறை கழுவுகிறார். போத்தலில்தான் பெயர் ஒட்டியிருக்கிறதே, எதற்கு இந்த மோப்பம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஒட்டியிருக்கிறது ஒண்ணு, ஊத்தி வச்சிருக்கிறது ஒண்ணு மிஸ். ஒங்க சோடாப் போத்தல்ல மண்ணெண்ணெய்தானே இருந்திச்சு" என்றார். இருந்தது உண்மைதான்.

ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், உயர்த்திச் செருகிய சேலை, இடது தோளில் மூன்று துணிகள். வெள்ளைத் துணி தூசிக்கு, நீலம் சவர்க்காரத் தண்ணீருக்கு, பழைய துவாய்த் துண்டு ஈரம் ஒற்றுவதற்கு. மூன்றும் ஒன்றோடொன்று கலந்து நான் பார்த்ததில்லை. ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இருபது வருடமாகக் கிருலப்பனையில் ஓர் அறையில் இருக்கிறார். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கட்டடத்தில் ஐந்து வீடுகளின் தரை அவர் பொறுப்பு. எங்கள் ஐந்து வீட்டாரைக் காட்டிலும் எங்கள் தரைகளை அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் மாடியில் என் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் சொந்தக்காரர் லண்டனில் இருக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் வந்து, மரம்போலத் தெரியும் வைனில் என்ற பிளாஸ்ரிக் பலகைகளைத் தரை முழுவதும் ஒட்டிவிட்டுப் போனார். எங்களுக்கு ஒரே பெருமை. வெள்ளிக்கிழமை வந்ததும் ஊரில் சிமெந்துத் தரையைக் கழுவுகிற மாதிரி வாளி வாளியாக ஊற்றித் தும்புத்தடியால் உரஞ்சினோம். இரண்டே மாதத்தில் மூலைப் பலகைகள் சுருண்டு எழும்பின. சாமான் பழுது என்று நாங்கள் லண்டன்காரரைத் திட்டிக்கொண்டிருந்தபோது இராமலெட்சுமி குந்தியிருந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே நகத்தை விட்டுப் பார்த்தார். "மேலால ஒண்ணும் குடிக்காது மிஸ். இந்தச் சந்து வழியா களவாக் குடிக்குது. நீங்கதான் ஊத்திக் குடுக்கிறீங்க."

அன்றிலிருந்து அவர் முறைதான் எங்கள் முறை. முதலில் மென்மையான தும்பால் மணலைக் கூட்டி எடுக்க வேண்டும். மணலோடு துடைத்தால் கீறல் விழும். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. துணியைச் சொட்டாமல் பிழிந்து, பலகை ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய், மெழுகு, கம்பித் தும்பு எதுவும் கிட்ட வரக்கூடாது. காய்ச்சல், வயிற்றோட்டம் வந்த வீடென்றால் மட்டும் குளோரின், அதுவும் நிறையத் தண்ணீரில் கொஞ்சம். யன்னலெல்லாம் திறந்து, கையுறை போட்டு, பூசிப் பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்து, துவாயால் ஒற்றிவிட வேண்டும். பிறகொரு நாள் இன்னொரு கட்டளையும் சேர்ந்தது. குளோரின் தொட்ட வாளியில் வேறெதையும் விடமாட்டார். "ஒரு வாளிக்கு ஒரு மருந்து" என்பார். அசிட், வினாகிரி, தேசிக்காய்ப் புளி எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்பு. டெற்றோல் கொஞ்சம் விட்டால் மணமாக இருக்குமே என்ற என் யோசனையையும் அவர் ஏற்கவில்லை.

இந்தக் கண்டிப்பை அவருடைய குணம் என்றே கனகாலம் நினைத்திருந்தேன். போன வருடம் ஒரு சனிக்கிழமைதான் காரணம் தெரிந்தது. அன்று அவர் வரப் பிந்தியது. நானே வீராங்கனையாகி, குளியலறையில் குளோரின் வாளிக்குள் கழிவறை அசிட்டையும் சாய்க்கப்போனேன். எந்த நேரத்தில் உள்ளே வந்தாரோ தெரியாது, என் கையைத் தட்டிவிட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடினார். அங்கேயே தரையில் அமர்ந்து, முந்தானையால் முகத்தை மூடி அழத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருடம் எதிர்வீட்டில் நடந்ததை அழுகைக்கிடையே சொன்னார்.

எதிர்வீட்டில் பாலசுந்தரமும் மனைவி சரோஜினிதேவியும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு, ரொறொன்ரோவில் இருக்கும் மகனிடம் போகக் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள். எல்லாம் சரிவந்து, மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து வன்னியிலிருந்து ஓர் உறவுக்காரர் வந்து ஒரு கிழமை தங்கினார். யுத்த நேரம், வெளியூர்த் தமிழர் வந்தால் பொலிஸில் பதிய வேண்டும்; அவர் பதியாத ஆள். அவர் இருமல் வெளியே கேட்கக்கூடாதென்று பாலசுந்தரம் யன்னல்களை இறுக்கிச் சாத்திவைத்தார். அவர் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பரிசோதனைக்கு நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும். சரோஜினிதேவிக்குப் பயம் பிடித்துவிட்டது. "கிருமி ஒண்டும் மிஞ்சக்கூடாது, இராமலெட்சுமி. வடிவாத் துடைச்சு விடு" என்றார்.

இராமலெட்சுமி வடிவாகத்தான் துடைத்தார். கிருமிக்குக் குளோரின், அது பத்தாதென்று அதே வாளியில் அசிட். "ரெண்டு மருந்து சேந்தா ரெண்டு மடங்கு சாகும்னு நெனச்சேன் மிஸ். அந்த அம்மா மேல இருந்த பிரியத்துலதான் செஞ்சேன்." யன்னல் திறக்கவில்லை. கண் எரிந்ததும் அவர் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே மாடிப்படிக்கு வந்துவிட்டார். அதே நேரம் பாலசுந்தரம், வெள்ளிக்கிழமை வழக்கப்படி, அறை அறையாகச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். சரோஜினிதேவி இருமத் தொடங்கியவர் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் என்ன புகை என்று டொக்டர் கேட்டார். "சாம்பிராணி காட்டினனான் டொக்டர்" என்றார் பாலசுந்தரம். யாரும் மேலே கேட்கவில்லை. வாளியை இராமலெட்சுமி ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்தார். செவ்வாய்க்கிழமை படம் எடுக்க முடியவில்லை. பிறகு எடுத்த படங்களில் நெஞ்சு தெளிவாக இல்லை என்று திகதிகள் தள்ளிப்போயின. சரோஜினிதேவிக்கு இப்போது கட்டிலிலிருந்து கதிரைக்கு வருவதே ஒரு பயணம்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் இடுப்பிலிருந்த சிறு பையைத் திறந்து, பிளாஸ்ரிக் உறைக்குள் மடித்திருந்த கடிதத்தைக் காட்டினார். இராமலெட்சுமி தன் வீட்டில் வேலை செய்பவர் என்று பாலசுந்தரம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதிக் கையெழுத்திட்டது. ஆறு மாதத்துக்கொருமுறை புதிதாக எழுதிக்கொடுப்பார். சோதனைச் சாவடியில் கடிதம் எங்கே என்று சிங்களத்தில் "லியும?" எனக் கை நீட்டினால் அதைக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் கிருலப்பனையிலிருந்து வெள்ளவத்தைக்கு நடந்து வர முடியாது. அறை கொடுத்தவரும் அதைப் பார்த்துத்தான் அவரைக் குடிவைத்திருக்கிறார். "சொன்னா இது போயிரும் மிஸ். இது போனா நான் எங்க போறது? தோட்டத்துல இப்ப எனக்குன்னு யாரு இருக்கா?"

நானும் எதிர்வீட்டில் அதைச் சொல்லவில்லை. பாவம் அவர் என்று சொல்லாமல் விட்டேன் என்றால் அது பாதி உண்மை. அவரைப்போல ஒருவர் எனக்குக் கிடைக்கமாட்டார் என்பது மற்றப் பாதி. எட்டு மாதம் எதிர்வீட்டு வாசலைத் தாண்டிப் போய்வந்தேன். மகன் ரெலிபோன் எடுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் பாலசுந்தரத்தின் குரல் வெளியே கேட்கும். "நான்தான் தம்பி கொம்மாவின்ரை நெஞ்சைக் கெடுத்தனான். என்ரை கையாலைதான் கெடுத்தனான்." அதைக் கேட்டபடி கதவைத் திறந்து உள்ளே போய்த் தேநீர் போட்டுக் குடித்திருக்கிறேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. வாசித்துச் சொல்லும்படி பாலசுந்தரம் என்னைக் கூப்பிட்டார். இங்கிலிசு அவருக்கு நன்றாகத் தெரியும். வேறொருவர் வாயால் வந்தால் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்திருப்பார். விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று நான்கு வரி. வாசித்தேன். சரோஜினிதேவி யன்னலோரக் கதிரையில் இருந்தார். இராமலெட்சுமி கூடத்துத் தரையில் பாதி துடைத்திருந்தார்.

பாலசுந்தரம் கடிதத்தை மடித்தார். மனைவியைப் பார்க்கவில்லை. "எல்லாம் நான் செய்த வேலை. பேரப்பிள்ளையையும் உமக்குக் காட்டாமல் விட்டிட்டன்" என்று சொல்லித் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். இரண்டாம் முறை கையை ஓங்கியபோது இராமலெட்சுமி துணியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"அடிச்சுக்காதீங்க ஐயா. ஒங்க சாம்பிராணி இல்ல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னார். வாளி, குளோரின், அசிட், படியில் நின்று இருமல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது வரைக்கும். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். "எனக்கும் தெரியும் அங்கிள், எட்டு மாசமாய்த் தெரியும்" என்றேன். பாலசுந்தரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் என்னைச் சாக விட்டனீங்களே" என்றார். சத்தம் போடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இராமலெட்சுமி பையைத் திறந்து, உறையோடு அந்தக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். அது இல்லாமல் அன்று எப்படி வீடு போய்ச் சேர்வார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவர் கிளம்பவில்லை. தரை பாதி ஈரமாகக் கிடந்தது. அப்படியே விட்டால் யாராவது வழுக்கி விழுவார்கள். மறுபடி குந்தியிருந்து, துவாய்த் துண்டால் ஒவ்வொரு பலகையாக ஒற்றிக்கொண்டே வந்தார். கண்ணீரும் அதிலேயே விழுந்தது. அதையும் சேர்த்து ஒற்றினார்.

சரோஜினிதேவியின் கதிரையடிக்கு வந்ததும் இராமலெட்சுமியின் கை நின்றுவிட்டது. தலையை நிமிர்த்தவில்லை. சரோஜினிதேவி சாத்திய கதவைப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார். மூச்சு இழுத்தது. கதிரையின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டு, வீங்கிய கால்கள் இரண்டையும் தரையிலிருந்து மெல்ல உயர்த்தி, துடைக்க இடம் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.