கொல்கத்தாவுக்குப் பதிலா சென்னை

கடுகெண்ணெ காயுற வாசம்...

கொல்கத்தான்னு யாராவது சொன்னா இன்னைக்கும் எனக்கு மொதல்ல வருதது அதுதான். ஏர்போர்ட் பக்கத்துல நான் வாடகைக்கு இருந்த வீட்டு மாடிப்படி பூரா அந்த வாசம் கெடக்கும். விடியக்காலம் யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு எறங்கினா, வெளிய நிக்க பனிக்குக்கூட அந்த வாசம்தான்னு தோணும்.

அப்போ நான் புதுசா சேந்த கோ-பைலட். ரெண்டு பக்கமும் விசிறி சுத்துத சின்ன விமானம். எந்த ஊரு நமக்கு ‘பேஸ்’னு கம்பெனி சொல்லுதோ, அங்கனதான் குடியிருக்கணும். எனக்கு விழுந்தது கொல்கத்தா.

சொந்த ஊரு தாமிரவருணிக் கரைல வி.கே.புரம். அம்மா நான் ட்ரெய்னிங்ல இருக்கும்போதே போயிட்டா. வீட்டுல அப்பா மட்டும். காலம் பூரா நூல் மில்லு மெஷின் பக்கத்துல நின்ன மனுசர். அந்த இரைச்சல்ல காது பைய பையப் போயிட்டு. மில்லுக்குள்ள வாயசைவப் பாத்தே பேசிப் பழகினவரு, அதனால எதிர உக்காந்து பேசினா ஒரு சொல்லு தப்பாது. போன்லதான் ஒண்ணும் நடக்காது. வீடியோ கால் போட்டா, அந்த நெட்வொர்க்குல என் மொகம் அங்கங்க ஒறைஞ்சு நிக்கும்.

"ஏட்டி, சாப்ட்டியா?"ம்பாரு.

நான் என்ன சொன்னாலும் "சரி சரி, நல்லா சாப்பிடு"ம்பாரு. அத்தோட பேச்சு முடிஞ்சுது. கட் ஆன பொறவும் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு இருப்பேன்...

சென்னைக்கு மாறிட்டா, லீவு நாள்ல தூத்துக்குடி ஃப்ளைட் பிடிச்சு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம். ஆனா மாறணும்லா?

கம்பெனி அப்பப்போ பேஸ் பிட்டிங் தொறக்கும். காலியா இருக்க ஊருல நமக்கு வேணுங்கறத வரிசையாப் போட்டு அனுப்பணும். யாரு முன்னால சேந்தாங்களோ அவங்களுக்குத்தான் முன்னுரிமை. நான் கடைசில சேந்தவ. ஒவ்வொரு தடவையும் சென்னைய மொதல்ல போடுவேன். ஒவ்வொரு தடவையும் கொல்கத்தாவுலயே கெடப்பேன்.

இன்னொரு வழி, ஸ்வாப். ஒரே விமானம் ஓட்டுத, ஒரே பதவில உள்ள ரெண்டு பேரு நேருக்கு நேரா ஊர மாத்திக்கிடலாம். அதுல சீனியாரிட்டி பாக்கமாட்டாங்க. ஆபீஸ் சம்மதிச்சாப் போதும்.

அப்படித் தேடும்போதுதான் சௌமிக்-தா கெடச்சாரு. அந்த ஊருல அண்ணன ‘தாதா’ம்பாங்க, பேரோட சேத்தா ‘தா’. கொல்கத்தாக்காரரு, பேஸ் சென்னை. என்னய மாதிரி கோ-பைலட்தான், ஆனா எனக்கு ரொம்ப முன்னால சேந்தவரு. கொல்கத்தாவுல எடமே காலியாகாம மாட்டிக்கிட்டு இருந்தாரு. அவரு வீட்டுக்காரி மௌ இங்க கொல்கத்தாவுல, மாசமா இருந்தா.

ரெண்டு பேரும் சேந்து எழுதிக் குடுத்தோம். ஆபீஸ்ல அது பாட்டுக்குக் கெடந்துது.

அந்த நேரம் பாத்து பிட்டிங் தொறந்துட்டு. கொல்கத்தாவுல எடம் காலி! சௌமிக்-தா போட்டா, கண்ண மூடிக்கிட்டு அவருக்குத்தான் கெடைக்கும். போன் பண்ணினேன்.

"நீங்க பிட் பண்ணுங்க தாதா. என்னயப் பாக்காதீங்க."

இந்தியும் இங்கிலீஷும் சென்னைல படிச்ச தமிழுமா கலந்து பேசுவாரு. "நான் போயிட்டா, இந்த சென்னை எடம் உனக்கு வராது இல்ல, முத்து?"

"வராது. சீனியர் யாருக்காவது போயிரும்."

"மௌகிட்ட கேட்டுச் சொல்றேன்"னாரு.

மறுநாள் மௌவே கூப்பிட்டா. "எங்க வீட்டுல புள்ளயத் தூக்க வீடு நெறைய ஆள் இருக்கு முத்து. உங்க அப்பாவுக்கு நீ ஒருத்திதானே? அவர் பிட் பண்ணல. நானே சொல்லிட்டேன்."

அழுதுக்கிட்டே போன வச்சுட்டேன்.

புள்ள கொஞ்சம் முன்னாலயே வந்துட்டு. அன்னைக்கு அவரு மதுரைக்குப் பறந்துக்கிட்டு இருக்காரு, எனக்கு லீவு. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவரு அம்மா புள்ளயத் துணில சுருட்டி என் கைல வச்சாங்க. சூடா, இலேசா... ஒரு கனமும் இல்ல. பெத்த அப்பன் இன்னும் பாக்கல, எங்கனயோ பொறந்த நான் ஏந்திக்கிட்டு நிக்கேன். ஜன்னல்ல வெயிலு மஞ்சளா சாயுது. எந்த ஊருல இருக்கேன்னே ஒரு நிமிசம் மறந்துட்டு.

மதுரைல எறங்கினதும் அவரு போன் வந்துது. "யாரு மாதிரி இருக்கா?"

"இன்னும் யாரு மாதிரியும் இல்ல தாதா. கண்ணே தொறக்கல, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு கெடக்கா."

சிரிச்சாரு. சிரிப்பு பாதில அந்து போச்சு. அந்தப் பக்கம் விசிறி சுத்தி ஓயுத சத்தம் மட்டும் கேட்டுது.

அவரு லீவு போட்டு வந்து புள்ளயப் பாத்துட்டுத் திரும்பினதுக்குப் பொறவுதான் ஸ்வாப் ஓகே ஆச்சு.

சென்னைக்கு மாறி மொத லீவுக்கு வீட்டுக்குப் போனேன். மத்தியானம் பூரா பேசினேன். கொல்கத்தா பனி, மீனு, அந்தப் புள்ள... அப்பா என் மொகத்த விட்டுக் கண்ண எடுக்கல.

எல்லாம் கேட்டுட்டு, "அந்தப் பய பெரிய மனுசன்ட்டீ"ன்னாரு.

அப்படிச் சில வருசம் கெடச்சுது. போன ஐப்பசில அப்பா தவறிட்டாரு.

சௌமிக்-தா இப்போ வளைகுடால ஓட்டுதாரு. அவரு மக பள்ளிக்கூடம் போறா, முன்பல்லு ரெண்டும் இல்லாம ஒரு போட்டோ வந்துது. நானும் கேப்டன். பிட்டிங்லாம் இப்போ போன்லயே. சென்னையப் போட்டா சென்னை, மறுபேச்சு கெடையாது. யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல.

சாயங்கால தூத்துக்குடி ஃப்ளைட்ல, மேக்க இருந்து வந்து எறங்கினா, தாமிரவருணி வலது பக்கம் தெரியும். கோ-பைலட் சீட்டு வலது பக்கம். ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரின்னு வெயில்ல மின்னிக்கிட்டே கூட வரும், அப்போ எனக்குன்னே ஓடுத மாதிரி இருக்கும். கேப்டனுக்கு சீட்டு இடது பக்கம், அங்க இருந்து ஆறு தெரியாது.

"ஆத்துல தண்ணி நெறைய போகுது மேடம்"னு பக்கத்துல உள்ளவரு சொல்லுவாரு.

"அப்படியா"ம்பேன்... ரன்வேய விட்டுக் கண்ண எடுக்காம.