சங்கத்துத் துணியில் ஒரு கோட்டு

போன கிழமை என் மாமா தன்னுடைய பழைய படமொன்றைப் பேஸ்புக்கில் போட்டிருந்தார். அம்மாவின் கடைசித் தம்பி அவர். படத்தில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, சிரிக்கக் கூடாது என்று யாரோ சத்தியம் வாங்கிக்கொண்டது போன்ற முகம். பின்னால் சிலாபத்து ஸ்டூடியோக்காரர் சுவரில் வரைந்து வைத்திருந்த பனிமலை. ‘அந்தக் காலத்தில் நாங்களும் தாதாதான்’ என்று மேலே எழுதியிருந்தார். ஊரார் வரிசையாகச் சிரித்து வைத்திருந்தார்கள். அம்மா ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் எறியாமல் விட்டது, அது புதிது என்பதால்தான்.

அந்தக் கோட்டுக்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். அடியைவிடப் பெரிய ஒன்றையும் இழந்திருக்கிறேன். இத்தனை வருடமாகியும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டுமென்ற விருப்பமும் எனக்கில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் தலவிலப் பக்கம், கடலை ஒட்டியது. அப்பா வாலிபத்தில் பார்த்து மயங்கிய ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவனின் படத்தை அந்த வருடம் புதிதாக, பளபளவென்று மறுபடி எடுத்திருந்தார்கள். மாமா அதைச் சிலாபத்துக் கொட்டகையில் மூன்று தரம் பார்த்தார். அதுவும் போதாமல் டிவிடியை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஞாயிறு பூசை முடிந்து, மத்தியானச் சோறு தின்றுவிட்டு, எல்லாரும் பாயில் உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் படத்தில் எல்லாரும் மெதுவாக நடந்தார்கள். சுடுவதற்கு முன்னும் நடந்தார்கள், சுட்ட பிறகும் நடந்தார்கள். தலைவன் கடைசிவரை கோட்டைக் கழற்றவே இல்லை.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “பழைய படத்தில ஆள் நடிச்சான். இதில கோட்டுத்தான் நடிக்குது” என்றார்.

“அத்தான், உங்களுக்கு ஸ்டைல் விளங்காது” என்றார் மாமா.

அம்மா எந்தப் பக்கமும் சேரவில்லை. தலைவன் முதுகைக் காட்டித் திரும்பும் இடத்தை மட்டும் திருப்பிப் போடச் சொன்னார். நாலைந்து தரம் போடச் சொன்னார். அம்மாவுக்கு அந்த நடிகரைப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்து எனக்குக்கூட வெட்கமாக இருந்தது. ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அம்மாவின் மெஷினில்தான் தைபட்டன. வருடம் முழுக்க வெள்ளை, வெள்ளை, வெள்ளை.

அப்பா மரண உதவிச் சங்கத்தின் சாமான்களுக்குப் பொறுப்பு. கதிரைகளும் மெழுகுதிரித் தண்டுகளும் கொட்டிலில் கிடந்தன. சவப்பெட்டியை மூடும் கறுப்பு வெல்வெட்டுத் துணி மட்டும் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில், அந்துருண்டை போட்டு மடித்திருந்தது. நடுவில் வெள்ளைச் சிலுவை. விரித்தால் இரண்டு பக்கமும் நிலத்தைத் தொடும். எங்கள் கரையில் தாதாவின் கோட்டுக்கு ஏற்ற மினுக்கம் அந்தத் துணியைத் தவிர வேறெதிலும் இல்லை. ஊரிலும் கொஞ்ச மாதமாக ஒருவரும் சாகவில்லை. மாமாவுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

அதே நாட்களில்தான் கோவில் திருநாளுக்கு என்னைச் சம்மனசாகத் தெரிந்தெடுத்திருந்தார்கள். சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் மாதாவின் சுருவத்துக்கு முன்னால், சிறகு கட்டிக்கொண்டு பூத்தூவிப் போகும் நாலு பெண்பிள்ளைகளில் நானும் ஒருத்தி. மூன்று வருடம் அழுது கெஞ்சிக் கிடைத்த இடம் அது. அம்மா சட்டை தைத்து, மட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிச் சிறகும் செய்து தந்தார். பள்ளிக்கூடத்தால் வந்ததும் சிறகைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்பதே எனக்கு வேலை.

அப்படி ஒரு நாள் தையல் மெஷினுக்குக் கீழே கறுப்பு வெட்டுத்துண்டுகள் கிடந்தன. பொறுக்கியெடுத்து என் பொம்மைக்குக் கோட்டுக் கட்டினேன். பேனையால் கறுப்புக் கண்ணாடியும் கீறினேன். மாமாவிடம் காட்டினேன். “அசல் தாதா!” என்று கைதட்டிச் சிரித்தார். எல்லாம் தெரிந்துகொண்டே சிரித்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான பெரிய சம்மாட்டியார் காலமானார். சங்கத்து ஆட்கள் வந்து சாமான்களை எடுத்துப் போனார்கள். மரண வீட்டில், பாதரும் சனமும் பார்த்திருக்க, இரண்டு பேர் துணியை உதறிப் பெட்டியின் மேல் விரித்தார்கள். ஒரு பக்கம் நிலத்தைத் தொட்டது. மறுபக்கம் சிலுவையோடு முடிந்துபோயிருந்தது. அழுதுகொண்டிருந்த சம்மாட்டியாரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டுத் துணியைப் பார்த்தார். பிறகு எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மாவும் மாமாவும் பின்னால் வந்தார்கள். சங்கத் தலைவர் எங்கள் வேலியடியில் வந்து நின்றார். அப்பா அலுமாரியைக் கொட்டிக் கவிழ்த்தார். மாமா நேரே என் மூலைக்குப் போய்ப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இஞ்ச பாருங்க அத்தான். புள்ளதான் வெட்டியிருக்கு. மிச்சத்தக் கடல்ல போட்டிருக்கும்.”

ஒரு சாண் பொம்மைக்கு ஒரு ஆள் உயரத் துணியை வெட்டினேனாம். மிச்சத்தைச் சுமந்துபோய்க் கடலில் போட்டேனாம். இதை வளர்ந்த மனிதர்கள் கேட்டுத் தலையாட்டினார்கள்.

“இல்ல அப்பா, மெஷினுக்குக் கீழ கிடந்திச்சு” என்றேன்.

அப்பா பொம்மையிலிருந்து துண்டை உருவி, கோணாமல் நேராக வெட்டுப்பட்டிருந்த அதன் ஓரத்தை விரலால் தடவினார். நிமிர்ந்து அங்குமிங்கும் பார்த்தார். பிறகு என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், சங்கத் தலைவருக்குத் தெரியும்படி பிரம்பால் அடித்தார். நாலு அடி. அம்மா நிலத்தில் சிதறிக் கிடந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

சவத்துணியை வெட்டிய பிள்ளை மாதாவுக்கு முன்னால் நடக்கக் கூடாது என்று சங்கம் சொன்னது. என் சட்டையும் சிறகும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் போயின. அவள் என்னைவிட உயரம். அம்மாதான் உட்கார்ந்து விளிம்பைப் பிரித்து நீளமாக்கிக் கொடுத்தார். திருநாளன்று நான் வேலிக்குப் பின்னால் நின்று என் சிறகு நடந்துபோவதைப் பார்த்தேன். மாமா மாதாவுக்குக் குடைபிடித்துக்கொண்டு, படத்தில் வந்தவன் போல மெதுவாக நடந்துபோனார்.

போன கிழமை வரைக்கும் என் கோபம் முழுவதும் மாமாவுக்கே உரியதாக இருந்தது. அவர்தான் துணியைத் திருட்டாக எங்கள் வீட்டில் வைத்து வெட்டி, சிலாபத்தில் யாரோ தையற்காரனிடம் கொடுத்துத் தைப்பித்தார் என்றே நினைத்திருந்தேன். திட்டி எழுதுவதற்காகவே அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். நிமிர்ந்து நின்ற கொலரில் இரட்டைத் தையல் ஓடியது. பொக்கற்றின் மூலைகளில், கிழியாமலிருக்கப் போட்ட சின்ன முக்கோணம். என் பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்த முக்கோணம் இருந்தது. மாமாவுக்கோ ஊசியில் நூல் கோக்கவும் தெரியாது. பொத்தான் அறுந்தால் சட்டையோடு அம்மாவிடம் வந்து நிற்பார்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“ஓம், நான்தான் தைச்சன்” என்றார், மீன் ஆய்ந்தேன் என்பது போல. “அப்படி ஒரு உடுப்புத் தைக்க எனக்கு வேற எப்ப கிடைக்கும்? படத்தப் பார்த்தே வெட்டினன், மகள். அடுத்த மாசம் புதுத்துணி வாங்கி வைப்பம் எண்டு தம்பி சொன்னான். அதுக்குள்ள மனுசன் செத்துப்போச்சு.” குரலில் இன்னும் பெருமை இருந்தது.

“அப்ப நான்?”



“நீ சின்னப் புள்ள தானே. ஒரு கிழமையில மறந்திடுவாய் எண்டு நினைச்சன்.”

போனை வைத்துவிட்டேன். அப்பா இப்போது இல்லை, அவரிடம் எதையும் கேட்க முடியாது. அந்தத் துண்டின் ஓரத்தைத் தடவிவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலில் தையல் மெஷினைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிரம்பு எங்கே என்று தேடுகிறாராக்கும் என்றுதான் நான் நினைத்தேன். பிரம்பு எப்போதும் போலக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.